கண்டக்டர் மகளின் ஜெர்மன்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா?

ஜெர்மன் வகுப்பில் இப்போது ‘வேண்டும், முடியும், கூடாது, செய்யலாமா’ எல்லாம் சொல்லித்தருகிறார்கள். எனக்கு ‘வேண்டும்’ மட்டும் தடுமாறாமல் வருகிறது. காலமெல்லாம் பஸ்ஸில் “ஏறு, இறங்கு, உள்ளே போ” என்று அதட்டிய கண்டக்டரின் மகளுக்கு வேறென்ன வரும்?

நான் நர்ஸ் வேலை பார்க்கும் வார்டில் ஒரு பெரியவரிடம், “நீங்க குளிச்சே ஆகணும்” என்றேன். போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டார். பயப்படாதீர்கள், யாரும் என்னைத் திட்டவில்லை. கூட வேலை பார்க்கும் சுருட்டைமுடிக்காரி வந்து, “முதுகைத் துடைச்சு விடலாமா?” என்று கேட்டாள். “வேண்டாம்” என்றார். “சரிங்க” என்று வெந்நீரோடு போயே விட்டாள்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொஞ்ச நேரத்தில் அவரே மணியடித்து அவளைக் கூப்பிட்டார். சட்டையைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். அசந்துபோனேன் அப்பா. எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு பொறுமை அவளுக்கு! மறுநாள் நானும் “துடைக்கலாமா?” என்றேன். முதுகைத் திருப்பிக் காட்டினார்.

உங்கள் பழைய துண்டு ஒன்று அனுப்புங்கள். இங்கே வாங்கியது தலை ஈரத்தை இழுக்கவில்லை.

இன்னொன்று. என்னிடமும் எல்லாரும் “சாப்பிடுறீங்களா?” என்று மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை போனில், சாப்பிட்டாச்சு என்று நான் சொன்னாலும் நம்பாமல் ஓர் அதட்டுப் போடுங்கள்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். உங்கள் விசில் இன்னும் இருக்கிறதல்லவா? அதையும் ஒருமுறை ஊதுங்கள்.

உங்கள் மகள்