கரடி ஏறிய மரம்

அன்புள்ள அங்கம்மாளுக்கு, ரெம்பாவ் மலையடியிலிருந்து சடையன் எழுதுவது. நானும் உன் அண்ணனும் நலம். மந்தின் ரப்பர் தோட்டத்தில் நீயும் பிள்ளைகளும் மரவள்ளிக்கிழங்காவது வயிறாரச் சாப்பிடுகிறீர்களா?

ஜப்பான்காரன் பால்வெட்டை நிறுத்திவிட்டு எங்களைப் பிரம்பு வெட்ட மலைக்கு அனுப்புகிறான். ஏறுவது சிரமம் என்றாலும் வேடிக்கைக்குக் குறைவில்லை. போன வாரம் இரண்டு இருவாச்சிகள் தலைக்கு மேலே பறந்தபோது, அந்தச் சிறகுச் சத்தத்தில் லாரி வருகிறதென்று ஒதுங்கி நின்றேன். உன் அண்ணன் இருமல் வரும்வரை சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கரடி வந்தது. சின்னக் கரடிதான், பயப்படாதே. நான் பிரம்புக் கட்டைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறிவிட்டேன். கரடியும் மரமேறும் என்பது, அது என் பின்னாலேயே ஏறியபோதுதான் தெரிந்தது. உன் அண்ணன் ஓடியிருக்கலாம். அவர் கீழேயே நின்று, பாராங்கத்தியால் சோற்றுச் சட்டியைத் தட்டிக் கத்தினார். அது இறங்கி அவர் கையைக் கீறிவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. காயம் ஆழமில்லை.

கட்டுவதற்குத்தான் இங்கே துணி கிடையாது. கடிதம் கொண்டுவரும் மதார் மைதீன் பாயிடம் உன் பழைய சேலையில் பாதியும் கொஞ்சம் மஞ்சளும் கொடுத்தனுப்பு. நீ உடுத்தித் துவைக்காத துண்டு ஒன்று இருந்தால் அது எனக்கு.

அவரைக் கீழே விட்டு நான் மட்டும் எப்படி ஏறினேன் என்று கொட்டகையில் மற்றவர்கள் கேட்டதற்கு உன் அண்ணன், "நாந்தான்லா மாப்பிள்ளைய மொதல்ல ஏறச் சொன்னேன்" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. உன்னிடம் வந்தாலும் அவர் அப்படியேதான் சொல்வார்.

பாய் கிளம்பிவிட்டார். அங்கம்மா, உன் அண்ணன் என்னை ஏறச் சொல்லவில்லை.

சடையன்