என் முதுகில் நீ உட்கார்ந்த காலை

மச்சான்,

இப்போது எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. ஒடுகத்தூர் முதல் திருப்பத்தூர் வரை பொய்க்குப் பேர்போன என் வாயாலேயே சத்தியம் செய்கிறேன். நம்பக்கூடிய ஒரே ஆள் நீ. நீயும் இல்லை.

இன்று காலை பக்கத்து நிலத்துக் கிணற்றில் தூர் வாருவதற்காக டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்று மேட்டில்தான், உள்ளே இல்லை. அதற்கும் காரணம் நீ. ஆனாலும் அந்தப் புகை மூக்கில் ஏறியதும் வரப்பில் என் கால் நின்றுவிட்டது. போன ஐப்பசியில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனதிலிருந்து, உன்னோடு பேச இப்படி ஏதாவது ஒரு சாக்கு எனக்குத் தேவைப்படுகிறது.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபது வருடம். கழிவுத் தொட்டியில் ஆள் இறங்கினால் மேலே கயிறு பிடித்து நிற்பது உன் வேலை. தொழிற்சாலையை விட்டுவிட்டு வேர்க்கடலை போட ஊருக்கு வந்தவன், வேலையை மட்டும் விடவில்லை. அடைத்துக்கொண்ட பூச்சிமருந்துத் தெளிப்பான் நாசிலை வாயால் ஊதியவனை மூன்று வயல் தாண்டித் துரத்தினாய். காற்றுக்கு எதிரே நின்று மருந்தடித்தவன் கையிலிருந்து தெளிப்பானைப் பிடுங்கினாய். உன் தங்கையைக் கட்டிய உரிமையில் நான் கேட்டேன்: “இன்னா ஆபீசர், எங்க ஆட்டுக்கு ஹெல்மெட் போட்லியா?”

“ஆட்டுக்கு மூளை கீது. உனக்குத்தான் போடணும்” என்றாய்.

ஒரு சித்திரையில் எங்கள் கிணற்றில் தூர் வாரினோம். தண்ணீர் ஆழத்தில் கிடந்ததால், மேலிருந்து குழாய் இழுக்காது என்று இன்ஜினை உள்ளே பாதி ஆழத்துப் பாறைத் திட்டில் இறக்கி வைத்திருந்தோம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். டீசல் தீர்ந்து இன்ஜின் நின்றது. ஊற்றிவிட்டு வர என் தம்பி சேகர் கேனோடு கிளம்பினான். அந்த நேரம் பார்த்து நீ வந்தாய்.

“எறங்காதடா. பொகை கீது.”

“எங்க மாமா பொகை? நின்னு அரை மணி ஆவுது. ஒண்ணும் தெரியல பாரு.”

“தெரியாததுதான் ஜாஸ்தி பேஜாரு. சாயங்காலம் எறங்கிக்க.”

நானும் அவனும் சேர்ந்து உன்னைச் சிரித்தே அடக்கப் பார்த்தோம். கடைசியில் நீ படிக்கு முன்னால் குறுக்கே படுத்தாய். “கயிறு கட்டினாத்தான் வுடுவேன். இல்லன்னா என்ன மிதிச்சிட்டுப் போ.”

“மாட்டுப் பொங்கல் போயி மூணு மாசம் ஆவுது மச்சான், இப்ப இன்னாத்துக்குக் கயிறு?” என்றேன். நீ எழுந்தாய். சேகரின் அக்குளுக்குக் கீழே கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டு, மறுமுனையைப் புளியமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டாய்.

சேகர் இன்ஜின் திட்டை எட்டப்போகும்போது உட்கார்ந்தான். கத்தவில்லை, தடுமாறவில்லை. தூக்கம் வந்தவன்போல உட்கார்ந்து, அப்படியே சரிந்தான். கயிறு விறைத்தது.

நான் பாய்ந்தேன். நீ காலை நீட்டினாய். குப்புற விழுந்த என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டாய், கையில் கயிற்றோடு.

“வுடு மச்சான்! என் தம்பிடா!”

“நீயும் போனா உன்ன எந்தக் கயித்துல இழுக்கறது?”

நான் திமிறினேன், அடித்தேன், உன் காலைக் கடித்தேன். நீ அசையவில்லை, கடலைக் காட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பாடு போட்டாய். களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். முன்னால் வந்த முனியம்மா எங்களைப் பார்த்து, “இன்னாண்ணா, யானை சவாரியா?” என்றாள். அடுத்த கணம் கயிற்றைப் பார்த்தாள், களைக்கொத்தை எறிந்தாள். ஆறு பேர் சேர்ந்து இழுத்தார்கள்.

மேலே வந்த சேகர் சாம்பல் நிறத்தில் இருந்தான். நல்ல காற்றில் கிடத்தி, ஆம்புலன்ஸில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாயங்காலம்தான் கண் திறந்தான். முதல் கேள்வி: “டீசல் ஊத்தியாச்சா?”

அடுத்த வாரம் புதுக் கயிறு வாங்க என்னை வேலூர் லாங் பஜாருக்கு இழுத்துப்போனாய். கைவண்டிகளுக்கு நடுவே, கயிற்றை முழம் போட்டுக்கொண்டே சொன்னாய்: “கம்பெனித் தொட்டில ஒருத்தன் விழுந்தான். தூக்கப் போறேன்னு ரெண்டு பேர் பின்னாடியே எறங்கிட்டாங்க. மேல நின்னவன் நான் ஒருத்தன்தான் மிச்சம். நிக்கறவன் எறங்கவே கூடாது மாப்ள. அதான் வேலையே.”

அப்புறம் டீக்கடை டீக்கடையாக இந்தக் கதையை நான் வளர்த்தேன். நீ போட்ட கூச்சலில் வேலூர் கோட்டை அகழியில் அலை எழுந்தது. பெண்கள் இழுத்த வேகத்தில் சேகர் தென்னைமர உயரத்துக்குப் பறந்து, இறங்கும்போது இரண்டு இளநீர் பறித்து வந்தான். நீ ஓரமாக உட்கார்ந்து கேட்டு, “கொஞ்சம் கம்மி பண்ணுடா” என்பாய். ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் இன்ஜினை மேட்டுக்கு ஏற்றினார்கள். குழாய் எட்டாத இடத்தில் கரண்ட் மோட்டாருக்கு மாறினார்கள். நீ உண்மையைச் சொல்லிக் கேட்காதவர்கள் என் பொய்க்குக் கேட்டார்கள்.

இப்போது எந்தக் கிணற்றில் ஆள் இறங்கினாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் போய்க் கயிறு பிடித்து மேலே நிற்கிறேன். எதுவும் செய்யாமல் நிற்பது எவ்வளவு கனமான வேலை என்று கை சொல்கிறது.

சரி, ஒப்புக்கொள்கிறேன். அகழி பொய், இளநீர் பொய். கடித்தது உன் காலை அல்ல, வேட்டியை. சொட்டு உப்பும் நான் சேர்க்காத சின்னத் துண்டு ஒன்று இருக்கிறது. அதை எந்தக் கடையிலும் சொன்னதில்லை. கயிறு மேலே வரவர என் பிடரியில் சுடச்சுடச் சொட்டுகள் விழுந்தன. வேர்வை என்றாய். நானும் சரி என்றேன்.

வேர்வை இல்லை, மச்சான். எனக்குத் தெரியும்.