சத்தம் போடாத ராட்டினம்

8.5.1934, செவ்வாய்

கத்திரி தொடங்கியதும் கிணறு வற்றிவிட்டது. குழாய்க்குள் தோல் வளையம் இருக்கிறது, தீட்டு என்று என் மாமியார் குழாய்த் தண்ணீரைத் தொடமாட்டார். மயிலாப்பூரில் இப்போது அதைவிட்டால் வேறு தண்ணீர் இல்லை. அதனால் மூன்று நாளாக விடியுமுன் எழுந்து, குழாயில் பிடித்ததைக் கிணற்று வாளியில் ஊற்றி, கிணற்றில் இறைத்த மடித் தண்ணீர் என்று சொல்லி அவருடைய செப்புக்குடத்தை நிரப்புகிறேன். பாவம்தான். அதற்காக அவரைத் தாகத்தோடு உட்காரவைக்க முடியுமா?

இன்று சாப்பிடும்போது, பள்ளியில் பூகோளம் நடத்தும் என் கணவர் நார்வேயைப் பற்றி ஆரம்பித்தார். அங்கே அருவித் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, அதில் மின்சாரம் பிறந்து ஊரெல்லாம் விளக்கு எரிகிறதாம். மாமியார் ரசித்துக் கேட்டார்.

கணவர் கை கழுவப் போனதும் மாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்டி, மூணு நாளா நம்ம கிணத்து ராட்டினம் கத்தவே இல்லையே?"

ராட்டினச் சத்தத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

"அந்த ஊர்ல தண்ணி சக்கரத்தைச் சுத்தறதாம். நம்மாத்துல தண்ணி இல்லாட்டாலும் நீ காலம்பற ராட்டினத்தைச் சுத்திடு. பக்கத்தாத்துக்குக் கேக்கணும்."

பிறகு செப்புக்குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு அண்ணாந்து குடித்தார்.