படியிறங்கி வர வேண்டியவர்

சுண்ணாம்பும் பழைய ஈரமும் கலந்த வாசனைதான் முதலில் வந்தது. அதற்கப்புறம்தான் நடுத்தெருவில் நீ வாங்கிய சக்கர நாற்காலியைப் பார்த்தேன்.

கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு பெரியவருக்குக் காலில் சர்க்கரைப் புண். மன்னார்புரத்திலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய், வாரத்தில் இரண்டு நாள் அவருக்குக் கட்டு மாற்றுகிறேன். ரிடையரான நர்ஸுக்குப் பொழுது போக வேண்டுமே. போகிற வழியில்தான் உன் அண்ணன் வீடு. நீ போனதிலிருந்து அந்த வாசலை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அன்றைக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஓதம் ஏறி வீட்டுச் சுவரெல்லாம் பச்சையும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்க, பெயிண்டர்கள் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த சாமான் முழுவதும் வெளியே கிடந்தது. அடேயப்பா, என்ன சாமான்! பிரிக்காத குக்கர் டப்பாக்கள், எவர்சில்வர் அண்டாக்கள், மடக்கு ஏணி, அக்கம்பக்கத்தார் எப்போது கேட்டாலும் ரிப்பேர் என்று உன் அண்ணி சொல்லும் கிரைண்டர். அதற்கு நடுவில் உன் நாற்காலி. கைப்பிடியில் நீ சுற்றிய ஆஸ்பத்திரி பிளாஸ்டர்கூட அவிழவில்லை.

நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். உனக்குப் பிடித்த வாரத்தின் வேதப் பகுதி அப்படியே தெருவில் நடந்துகொண்டிருந்தது.

வெளிநாடு போய் வருகிறவர்கள் சென்ட் பாட்டிலும் பேரீச்சம்பழமும் கொண்டுவருவார்கள். நீ யூதர்களின் வேதமான தோராவைக் கொண்டுவந்தாய். ஹைஃபாவில் கண் மங்கிப்போன ஒரு யூத அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வேலை உனக்கு. வாரா வாரம் அவளுக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டி, அவள் சொல்லும் விளக்கத்தையும் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்ட பழக்கம். மோசேயின் ஐந்து புத்தகங்களையும் வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒரு வருஷத்தில் முடித்து, முடித்த அன்றைக்கே முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள் என்றாய். பிடித்ததை எடுத்துக்கொண்டு பிடிக்காததைத் தள்ள முடியாது. அந்த வாரம் எது வருகிறதோ அதுதான். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால், "இந்த வாரம் என்ன விழுந்திருக்கு தெரியுமாடி?" என்று ஆரம்பித்துவிடுவாய், லாட்டரி ரிசல்ட் பார்க்கிறவள் மாதிரி.

நான் பிறந்ததிலிருந்து சர்ச்சுக்குப் போகிறவள். அதே ஐந்து புத்தகங்கள் எங்கள் பைபிளிலும் உண்டு, ஆனால் எங்கள் பாஸ்டர் அந்தப் பக்கங்களைத் தொடவே மாட்டார். ஆசீர்வாதம் வரும் இடமாகப் பார்த்து விரலை வைப்பார், பொங்கலில் முந்திரியை மட்டும் பொறுக்குகிற பிள்ளை மாதிரி. ரெங்கநாதரைக் கும்பிடுகிற வீட்டில் பிறந்த நீ வந்துதான் என் வேதப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் சனிக்கிழமை நீ வர நேரமானால் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தோல் நோய்களைப் பற்றிய வாரம் வந்தால் யூதர்களே கொஞ்சம் முகம் சுளிப்பார்களாம். நீ குஷியாகிவிடுவாய். "பாருடி, அவங்க குருக்களான ஆசாரியரே வந்து பாக்குறார். ஏழு நாள் தனியா வைக்கச் சொல்றார். மறுபடி வந்து பாக்குறார். நம்ம டூட்டி டாக்டருங்க ஒருத்தராவது ரெண்டாவது தடவை எட்டிப் பாத்திருக்காங்களா?" என்பாய். நோய் உறுதியானவனை, ஜனங்கள் கூடாரம் போட்டிருக்கும் பாளையத்துக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். அதில் உனக்குப் பெரிய கோபம் இல்லை. வார்டில் வேலை பார்த்தவளுக்கு ஏன் என்று தெரியும். நீ பிடித்துக்கொண்டது வேறு. "நோயாளி உள்ள வரக் கூடாது, சரி. அதனால ஆசாரியர்தான் வெளிய போய்ப் பாக்கணும்னு எழுதியிருக்கு. எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் படியெறங்கித்தான் ஆகணும். எப்படி?" என்று, நீயே எழுதிவைத்த மாதிரிப் பெருமையாகக் கேட்பாய்.

வீட்டைப் பிடிக்கும் நோயும் அந்தப் பகுதியில்தான் வருகிறது. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ படர்ந்தால் வீட்டுக்காரன் போய் ஆசாரியரிடம் சொல்ல வேண்டும். அவர் வருவதற்கு முன்னால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். இதற்கு ரப்பிகள், அதாவது யூத குருமார்கள், எழுதிய இரண்டு விளக்கத்தை ஹைஃபா அம்மா சொன்னாளாம். ஒன்று, இரக்கம். அவர் உள்ளே வந்து தீட்டு என்று சொல்லிவிட்டால் ஏழையின் மண்சட்டிகூட வீணாகிவிடும், அதனால் எல்லாவற்றையும் முதலிலேயே வெளியே எடுத்துவிடு என்கிறது சட்டம். இன்னொன்று, தண்டனை. யார் என்ன கேட்டாலும் எங்களிடம் இல்லையே என்று கைவிரித்தவன் வீட்டுக்குத்தான் அந்த நோய் வரும். சாமானெல்லாம் தெருவுக்கு வந்து குட்டு உடைந்துவிடும். உனக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன். "ரெண்டாவதுதான். இதுல என்ன சந்தேகம்?" என்றாய். உன்னை நான் பெரிய புனிதவதியாக என்றைக்கும் நினைத்ததில்லை. அதனால்தான் நர்சிங் ஹாஸ்டலில் இருந்து கடைசிவரை நமக்கு ஒத்துப்போனது.

உனக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த சமயம், உன் அண்ணன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து போற நேரம். வீட்ல கேன்சர்னு தெரிஞ்சா பொண்ணுக்கும் வருமோன்னு யோசிப்பாங்க. கொஞ்ச நாளைக்கு உங்க ஃப்ரெண்டு வீட்ல இருங்களேன்" என்று உன் அண்ணி தேனாகப் பேசினாள். நீ ஹைஃபாவில் உழைத்து அனுப்பியதில் எழுப்பிய மாடியில் நின்றுகொண்டு பேசினாள். உன் அண்ணன் நெற்றி நிறைய நாமத்தோடு பக்கத்தில் நின்று தலையாட்டினார். தன் மளிகைக்கடையில் தராசு முள்ளைப் பார்க்கிற அதே முகம். நீ இரண்டு பைகளோடு என் ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தாய். வந்ததும், "பாளையத்துக்கு வெளிய போட்டுட்டாங்கடி" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

வெளியே அனுப்பினார்கள், சரி. ஆனால் யாரும் வந்து பார்க்கவில்லை. கேட்டால், பாலத்தில் வேலை நடக்கிறது, ஒரே டிராஃபிக் என்றார் உன் அண்ணன். பிறகு கடையில் ஆள் இல்லை என்றார். பிறகு வைகுண்ட ஏகாதசி வந்தது. காவிரியைத் தாண்டி மன்னார்புரம் வர அந்த மனுஷனுக்குக் கப்பல் தேவைப்பட்டது போலிருக்கிறது. முக்கொம்புக்குக் குடும்பத்தோடு போய் மீன் வறுவல் சாப்பிட மட்டும் வழி இருந்தது. அந்தப் போட்டோவை அண்ணி வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தாள். நீ அதற்குப் பூப்படம் அனுப்பினாய். அன்றைக்கு உன்னைத் திட்டின திட்டு எனக்கே இன்னும் காதில் இருக்கிறது. ரோஷம் கெட்டவள் என்றேன், மண்டையில் ஒன்றும் இல்லாதவள் என்றேன். "அண்ணன் இளைச்சுட்டாருல்ல?" என்று போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆனி மாதம் மிரியாமின் பகுதி வந்தது. மோசேக்கு அக்கா அவள். தோலெல்லாம் வெளுத்து, பாளையத்துக்கு வெளியே நிறுத்தப்படுகிறாள். தம்பிகள் இரண்டு பேரும் அவளுக்காகக் கெஞ்சுகிறார்கள். அவள் திரும்பி உள்ளே வரும்வரை மொத்த ஜனமும் பயணத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது. வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினாய். அப்புறம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டாய்.

"அப்பாவுக்கு நான் வாங்கின வீல்சேர் அங்கதான் இருக்கு. போய்க் கேட்டு வாங்கிட்டு வாயேன். அதுல உக்காந்து ஒரு தடவை வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

மெடிக்கல் ஷாப்பில் வாடகைக்கே கிடைக்குமே என்றேன். "அதைக் கேளு" என்றாய்.

போனேன். உன் அண்ணி கதவை முக்கால்வாசி சாத்தியபடியே நின்று பேசினாள். "வீல்சேரா? மாமா காலமானதுமே அதை முதியோர் இல்லத்துக்குக் குடுத்துட்டோமே சிஸ்டர். வீட்ல வச்சிருக்கக் கூடாதுன்னாங்க." கதவிடுக்கில் ஹால் தெரிந்தது. உன் அண்ணன் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரியும், என்ன கேட்டேன் என்பதும் காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை. டிவி சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினார்.

வந்து உன்னிடம் சொன்னேன். "மாடிப்படிக்குக் கீழ போர்வை போட்டு மூடிவச்சதே நான்தானேடி" என்றாய். எனக்குத் தலைக்கேறிவிட்டது. இப்போதே போய் நாலு பேரைக் கூட்டி வாங்கிவருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். நீ கையைப் பிடித்து உட்காரவைத்தாய். "நாற்காலிக்காகவா கேக்கச் சொன்னேன்? வரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க. விடு."

அதற்கப்புறம் அந்த வீட்டைப் பற்றி நீ பேசவே இல்லை. போட்டோவும் பார்க்கவில்லை. ஆடி பிறப்பதற்குள் போய்விட்டாய்.

உன்னை எடுக்கும்போது மட்டும் உன் அண்ணன் வந்தார். பாலத்தில் அன்றைக்கு டிராஃபிக் இல்லை போலிருக்கிறது. வந்தவர்களிடமெல்லாம், "சின்ன வயசுல என் கையால ஊட்டினாத்தான் சாப்பிடுவா" என்று சொல்லிச் சொல்லி அழுதார். வாயைத் திறந்தால் உன் முன்னால் அசிங்கமாகிவிடும் என்று சமையல்கட்டில் போய் நின்றுகொண்டேன்.

இப்போது சொல், அந்த நாற்காலியைத் தெருவில் பார்த்தால் நான் சும்மா போவேனா? நேராகப் போய் அதில் உட்கார்ந்துகொண்டேன். பங்குனி வெயில். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டு முன்வரிசையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தேன். பெயிண்டர்கள் சுரண்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "என்ன சிஸ்டர், கால் வலிக்கறதா?" என்றாள்.

"இல்லீங்க மாமி. இது முதியோர் இல்லத்துக்குக் குடுத்த நாற்காலி. இங்க எப்படி வந்துச்சுன்னு விசாரிக்கலாம்னு உக்காந்திருக்கேன்" என்றேன், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

உன் அண்ணி வெளியே வந்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "அட, சிஸ்டரா! இதையா கேக்குறீங்க? பழசெல்லாம் வேண்டாம்னு இல்லத்துல திருப்பி அனுப்பிட்டாங்க. காபி சாப்பிடுறீங்களா?" என்றாள். உடனே எதிர்வீட்டு மாமி, "நல்லது பண்ணப் போனாலும் இப்படித்தான். இந்தக் காலத்துல யாருக்கு நன்றி இருக்கு?" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னாள். சாமான் தெருவுக்கு வந்தால் மனுஷனுக்கு வெட்கம் வரும் என்று நம்பினார்களே, உன் ரப்பிகள் ரொம்ப நல்லவர்கள். ஸ்ரீரங்கத்துக்கு ஒரு நடை வந்து உன் அண்ணியைப் பார்த்திருந்தால் அந்த விளக்கத்தை அடித்துவிட்டு வேறு எழுதியிருப்பார்கள்.

அப்போது உன் அண்ணன் படியிறங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வெயில்ல இருக்கீங்களே" என்று முணுமுணுத்தபடி பின்னால் போய், கைப்பிடியைப் பிடித்து, எதிர்ச்சாரி நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். உங்கள் அப்பாவைத் தள்ளிப் பழகிய கை. மேடு பள்ளம் பார்த்து, குலுங்காமல் தள்ளினார். சக்கரம் சத்தமே போடவில்லை. அவ்வப்போது எண்ணெய் விட்டிருக்கிறார்கள். இவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் டிராஃபிக், இதற்குத்தான் ஏகாதசி.

நிழலுக்கு வந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. "ரொம்ப நாள் எதிர்பாத்தாளா சிஸ்டர்?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"இல்லண்ணே" என்றேன். "உங்க வாசல்லேர்ந்து நான் திரும்பிப் போய்ச் சேர்ற வரைக்கும்தான்."

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். ஆள் இல்லை. உள்ளேயிருந்து, "போயிட்டாங்களா?" என்று உன் அண்ணி கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. எழுந்து, நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு, பெரியவருக்குக் கட்டு மாற்றப் போனேன்.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் வந்து போனைத் திறந்து இந்த வாரம் என்ன என்று பார்த்தேன். நீ போனதிலிருந்து நானே பார்த்துக்கொள்கிறேன். ஏதோ பலி செலுத்தும் விவரம், கொழுப்பு, குண்டிக்காய் என்று நீளமாகப் போயிற்று. கச்சிதமாகப் பொருந்தி வருவதெல்லாம் கதையில்தான். முழுக்க வாசித்தேன், ஒரு வரி விடாமல். அது நீ ஒட்டவைத்துவிட்டுப் போன வியாதி.

அவர்களை மன்னிக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. நீ சொன்னாலும் கேட்கப் போவதில்லை. ஆனால் என்னை அரிப்பது அவர்கள் இல்லை. நாற்காலி கேட்கப் போன அன்றைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில், பாலம் நெடுக, உன்னிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சக்கரம் உடைந்திருக்கிறது, சரிபண்ணி அனுப்புகிறார்களாம் என்று சொல்லலாமா? அண்ணனே கொண்டுவருகிறாராம் என்று சொல்லலாமா? உன்னிடம் என் பொய் என்றைக்கு நின்றிருக்கிறது? மன்னார்புரத்தில் இறங்கி வந்து, கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். இல்லை என்று அனுப்பிய உன் அண்ணனும் அண்ணியும் அதை மறந்துவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். கேட்ட நீ 'விடு' என்று ஒரு வார்த்தையோடு முடித்துவிட்டுப் போய்விட்டாய். நடுவில் அந்த 'இல்லை'யைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டியவள் நான்தான். இன்னும் அதைக் கீழே வைக்கவில்லை.