குருவிப் படம் போட்ட மின்சாரம்

வொர்திங்
14 பிப்ரவரி 2021

அன்புள்ள நார்மா,

இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். போனில் பேசினால் நீ தண்ணீருக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான் என் காதில் விழுகிறது. அதனால்தான் இந்தக் கடிதத் தொல்லை. பிஸ்கட் தொழிற்சாலை இரைச்சலில் உதட்டைப் பார்த்தே ஊர் வம்பெல்லாம் பேசினோமே, அந்த வித்தை போனில் செல்லாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கிளிஃப் அண்ணன் அறையில் மட்டும் ஹீட்டர், உனக்குக் கம்பளிப் போர்வை என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசே சரியில்லை. உன் புருஷனை ஒரு நல்ல முதியோர் இல்லத்தில் சேர் என்றால் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். கடைசிவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதாக நீ அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய், தெரியும். சரி, வைத்துக்கொள். ஆனால் அந்தப் பெரிய மின்சாரக் கம்பெனிக்கு எதற்காக இத்தனை தண்டம் அழுகிறாய்?

நான் மாறிவிட்டேன். என்னோடு பிங்கோ ஆடுகிற பெண்களில் பாதிப் பேர் மாறிவிட்டார்கள். புதிதாக வந்த சின்னக் கம்பெனி, பில்லில் ஒரு குருவிப் படம் போட்டிருக்கும். அதே கம்பி, அதே விளக்கு, பில் மட்டும் இளைத்துவிட்டது. 'சரி' என்று ஒரு வார்த்தை எழுதி, உன் பழைய பில்லையும் சேர்த்து அனுப்பு. மற்றதை என் கம்ப்யூட்டரில் நானே செய்துவிடுகிறேன்.

உன்
ஹேசல்


வெஸ்ட்கேட், வேர்டேல்
2 மார்ச் 2021

அன்புள்ள ஹேசல்,

உன் கடிதத்தைக் கிளிஃபுக்குப் படித்துக் காட்டினேன். மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, "ஹேசல் பேச்சைக் கேட்டு ஒரு கார் வாங்குனனே, ஞாபகம் இருக்கா? ரிவர்ஸ்ல மட்டும் நல்லா ஓடுச்சு" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அது அடங்குவதற்குள் எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. குவாரித் தூசி நுரையீரலில் கல்லாகவே உட்கார்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். ஆக்ஸிஜன் எந்திரம் இப்போது ராத்திரி பகல் ஓயாமல் ஓடுகிறது.

அந்த எந்திரத்துக்கு ஆகிற மின்சாரக் காசை ஆஸ்பத்திரி வழியாகத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். ஹீட்டர்தான் வாங்குகிற பென்ஷனை விழுங்குகிறது. எங்கள் ஊருக்குக் கேஸ் குழாயும் இல்லை. அவர் அறை சில்லிட்டால் மார்சளி கட்டும், மார்சளி கட்டினால் ஆஸ்பத்திரி, அங்கிருந்து நேராக இல்லம்தான். இந்த வீட்டில் சூடு இருக்கிறவரைதான் அவர் என்னோடு இருப்பார்.

அதனால் சரி என்றே சொல்கிறேன். ஒரே ஒரு பயம், அந்தக் குருவி பறந்துபோய்விட்டால் நம் கதி என்ன? பில் இத்துடன் இருக்கிறது.

அன்புடன்
நார்மா


வொர்திங்
21 மார்ச் 2021

அன்புள்ள நார்மா,

முடிந்தது. இனி நீயும் குருவிக் கூட்டத்தில் ஒருத்தி. கம்பெனி மூடினாலும் அரசாங்கம் நம்மை வேறொரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுமாம், ஒரு நிமிடம்கூட விளக்கு அணையாதாம். விசாரித்துவிட்டேன்.

ஒரு சாமர்த்தியமும் செய்தேன், கேள். 'வீட்டில் யாராவது மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவியை நம்பி இருக்கிறார்களா?' என்று ஒரு கேள்வி வந்தது. 'இல்லை' என்று அமுக்கிவிட்டேன். ஸ்பெயினுக்குப் போனபோது ரத்தக்கொதிப்பு என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன் இல்லையா, பயண இன்சூரன்ஸ்காரன் ஒன்றுக்கு இரண்டாகக் கறந்துவிட்டான். நோயாளி இருக்கிறாரா என்று எவன் கேட்டாலும் அது விலையை ஏற்றத்தான். நான் சூடுபட்டவள், என்னிடமா!

அண்ணனுக்கு என் முத்தம்.

ஹேசல்


வெஸ்ட்கேட்
12 ஜூலை 2021

அன்புள்ள ஹேசல்,

உனக்கு ஒரு பெரிய நன்றி. ஏப்ரலில் பனி கொட்டியபோது அடுப்படியிலும் ஹீட்டர் போட்டேன், பயமில்லாமல் போட்டேன். அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்றது கெட்டிக்காரத்தனம் என்று கிளிஃபும் நானும் உன்னை மெச்சிக்கொண்டோம். மெச்சியது தப்பு என்று போன வாரம்தான் தெரிந்தது.

ஆக்ஸிஜன் எந்திரத்தைச் சோதிக்க வருகிற தம்பி, "கரண்ட் போனா முதல்ல உங்க வீட்டுக்குத்தான் ஓடி வரணும். முன்னுரிமைப் பட்டியல்ல பேர் இருக்குல்லம்மா?" என்று கேட்டார். பழைய கம்பெனியில் இருந்தது. கம்பெனி மாறினால் புதிதாகப் பதிய வேண்டுமாம். அதற்குத்தான் அந்தக் கேள்வியாம். அதனால் பில் ஒரு பென்னிகூட ஏறாதாம்.

குருவிக்கு போன் செய்தேன், எந்திரம் பேசுகிறது. தபாலில் கடிதம் போட்டேன், பதில் இல்லை. அவர்களுக்கு ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறதோ என்னவோ. கம்ப்யூட்டரில் நீ கொஞ்சம் திருத்திவிடேன், உனக்குப் புண்ணியமாகப் போகும்.

நார்மா


வொர்திங்
3 அக்டோபர் 2021

அன்புள்ள நார்மா,

செய்தி பார்த்திருப்பாய். குருவி பறந்துவிட்டது. உலகமெங்கும் கேஸ் விலையும் அதனால் மின்சார விலையும் ஏறியதில் சின்னக் கம்பெனிகள் வரிசையாக விழுகின்றன. அடுத்தவனிடம் அன்றாடம் வாங்கி நமக்கு மலிவாக விற்றுக்கொண்டிருந்தார்களாம். கையில் சேமிப்பும் கிடையாதாம். இது யாருக்குத் தெரியும்? பிங்கோ கூட்டத்தில் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

நீ சொன்னபடி ஆகஸ்டில் இரண்டு தடவை மின்னஞ்சல் அனுப்பினேன். 'உங்கள் செய்தி கிடைத்தது' என்று வந்ததோடு சரி. நம்மை ஒரு பெரிய கம்பெனி எடுத்துக்கொள்கிறது. விளக்கு அணையாது, ஆனால் பழைய விலை கிடையாதாம். நீ முன்பு இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் அந்த விலையாவது அடுத்த வருஷம்வரை நின்றிருக்கும். என்னை மன்னித்துவிடு.

கோபித்துக்கொள்ளாதே, இந்தக் குளிர்காலத்துக்கு மட்டுமாவது அண்ணனை இல்லத்தில் விடக் கூடாதா? வசந்தம் வந்ததும் கூட்டி வந்துவிடலாம்.

ஹேசல்


வெஸ்ட்கேட்
15 நவம்பர் 2021

ஹேசல்,

இல்லம் என்ற வார்த்தையை இனி எனக்கு எழுதாதே. போனவர்கள் வசந்தத்தில் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

புதிய கம்பெனியின் பில்லைப் பார்த்த அன்றே மற்ற ஹீட்டரையெல்லாம் அணைத்துவிட்டேன். இப்போது வீட்டில் ஒரே ஓர் அறையில்தான் சூடு. நான் அங்கேயே நாற்காலியில் தூங்குகிறேன். கிளிஃப், "நார்மா, மேல போய்ப் படு. உன் முதுகு ஒடியற சத்தம் எந்திரத்தையும் தாண்டிக் கேக்குது" என்று கிண்டல் செய்கிறார். அவருக்கு எல்லாம் புரிகிறது, ஒன்றும் கேட்பதில்லை.

பட்டியலில் பெயர் சேர்க்க அவர்களுக்கு போன் செய்தேன். ஒரு மணி நேரம் பாட்டுப் போட்டுக் காட்டினார்கள். கடைசியில் ஒரு பெண், "பழைய கம்பெனிலேர்ந்து உங்க விவரமே இன்னும் வரலம்மா. எங்க கணக்குல நீங்க இன்னும் இல்லவே இல்ல. வந்ததும் சேர்த்துடறோம்" என்றாள். பணம் எடுக்க மட்டும் நான் இருக்கிறேன் போலிருக்கிறது. மறுபடி கூப்பிட வேண்டும். கிளிஃபை விட்டு அத்தனை நேரம் போனடியில் நிற்க முடிந்தால்தானே.

நார்மா


வெஸ்ட்கேட்
7 டிசம்பர் 2021

ஹேசல்,

உன் மகள் மூலம் விஷயம் கொஞ்சம் தெரிந்திருக்கும். முழுசாக எழுதுகிறேன்.

புயல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. விளக்கு போனது, எந்திரம் நின்றது. அது இத்தனை மாதம் போட்ட சத்தம் நின்றபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரை மாட்டினேன். போன் செத்துவிட்டது, கைபேசியில் சிக்னல் கோடே இல்லை. 'வந்துவிடுவார்கள், ஆக்ஸிஜன் வைத்திருக்கிற வீடு என்று யாருக்காவது தெரிந்திருக்கும்' என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அறை சில்லிட்டுப் போனது. என்னிடம் இருந்த துணியையெல்லாம் அவர்மேல் போட்டேன்.

சனிக்கிழமை காலையில் சிலிண்டர் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. யாரும் வரவில்லை. நான் கோட்டை மாட்டிக்கொண்டு விழுந்த மரங்களுக்குள் புகுந்து பக்கத்துப் பண்ணைக்கு ஓடினேன். பண்ணைக்காரர் டெஸ்மண்ட் ஆடுகளைக்கூட விட்டுவிட்டு டிராக்டரை எடுத்தார். அவரும் அவர் மனைவியும் நானுமாகக் கிளிஃபைத் தூக்கி அதில் உட்கார வைத்தோம். உதடு நீலமாக இருந்தது. அப்போதும் அவர், "டெஸ்மண்ட், என் கல்யாணத்துக்குக்கூட இப்படி ஒரு வண்டி கெடைக்கலப்பா" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. பெரிய சாலையில் ஆம்புலன்ஸ் கிடைத்தது.

இப்போது உயிருக்கு ஆபத்தில்லை. நிமோனியா. மூளைக்குக் கொஞ்ச நேரம் காற்றுக் குறைந்ததில் வலது கை சரியாக வரவில்லை.

திங்கட்கிழமை மஞ்சள் சட்டை போட்ட மின்வாரியத் தம்பி ஒருவர் வாசலுக்கு வந்தார். பட்டியலில் பெயர் இருக்கிற மேல்கிராமத்துக் கிழவி பீர்ட்டுக்கு சனிக்கிழமை விடிகாலையிலேயே ஜெனரேட்டர் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள், எங்கள் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். "எங்க லிஸ்ட்ல உங்க வீடு இல்லையேம்மா. இருந்திருந்தா மொதல்ல இங்கதான் நின்னுருப்போம்" என்று அந்தப் பிள்ளை கண் கலங்கினான். நான் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

நார்மா


வொர்திங்
11 டிசம்பர் 2021

நார்மா, என் கண்ணே,

உன் கடிதத்தில் ஒரு இடத்தில்கூட நீ என்னைத் திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 'இல்லை' என்று அமுக்கியது என் விரல். இருக்கிற அண்ணனை இல்லை என்று சொன்னேன். மாற வேண்டும் என்று உன்னை அரித்ததும் நான்தான். காசை மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டதாக இறுமாந்திருந்தேன்.

கிறிஸ்மஸ் முடிந்ததும் வருகிறேன். அவனைப் பார்க்க வேண்டும். உன் எதிரில் உட்கார்ந்து நீ திட்டுவதைக் கேட்க வேண்டும். என்ன வேண்டுமானாலும் எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
ஹேசல்


வெஸ்ட்கேட்
20 ஜனவரி 2022

அன்புள்ள ஹேசல்,

பதில் தாமதமானதற்கு வருத்தம். எழுத உட்கார்ந்து பல தாள்களைக் கிழித்துவிட்டேன்.

கிளிஃபை ஆஸ்பத்திரியிலிருந்து ஆற்றங்கரை இல்லத்துக்கு மாற்றினார்கள், வீட்டைத் தயார் செய்கிறவரை என்று. நான் தயார் செய்தேன். டெஸ்மண்ட் ஒரு பழைய ஜெனரேட்டரைச் சரிபார்த்துக் கொண்டுவந்து வைத்தார். கம்பெனிக்குப் போன் செய்தேன். "சேர்த்தாச்சும்மா, ரெண்டு நிமிஷ வேலைதான்" என்றாள் ஒரு பெண். படுக்கைக்குப் புது விரிப்புப் போட்டு, காலையிலிருந்தே அறையைச் சூடாக்கி வைத்துவிட்டு, அவரைக் கூட்டிவரப் போனேன்.

அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே, "வேணாம் நார்மா. நான் இங்கயே இருந்துக்கறேன். இங்க நல்லா கதகதப்பா இருக்கு" என்றார்.

கொட்டுகிற பனியிலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்குவேன் என்று ஆயுசுக்கும் என்னோடு மல்லுக்கு நின்ற மனிதர், ஹேசல். கதகதப்பு வேண்டுமாம்! நர்ஸ் காதிலும் விழட்டும் என்று உரக்கச் சொன்னார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நான் கொடுத்த வாக்கிலிருந்து என்னை விடுவிக்கிறாராம். "நீங்க பொய் சொல்றீங்க" என்றேன். "பொய் சொல்ல எனக்கு மூச்சு ஏது?" என்றார். பஸ்ஸில் வீடுவரை அழுதுகொண்டே வந்தேன்.

இப்போது தினமும் மத்தியானம் போய், டீ வேளைவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறேன். உன்னை விசாரிக்கிறார். 'ஹேசல் எப்ப வர்றா' என்று நேற்றும் கேட்டார். பட்டியல் விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது. புயல் என்று மட்டும் தெரியும், அப்படியே இருக்கட்டும்.

உன்னைத் திட்டச் சொல்கிறாய். எப்படித் திட்டுவேன்? நீ 'இல்லை' என்றாய், நான் கெட்டிக்காரத்தனம் என்றேன். நீ எனக்காகத்தான் செய்தாய் என்பதும் தெரியும். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய், இருக்கிறது என்று எழுதினால் அநியாயம். உன் முகத்தைப் பார்த்தால் இரண்டில் ஒன்று என் வாயிலிருந்து வந்துவிடும். அவர் எதிரில் அது நடக்கக் கூடாது.

அதனால் நீ வா. அவசியம் வா, சீக்கிரம் வா. எந்த வாரம் என்று மட்டும் முன்கூட்டி எழுது. எனக்கு ஜலதோஷம் என்று அவரிடம் சொல்லிவிடுகிறேன். ஜலதோஷக்காரர்களை அங்கே இப்போது உள்ளே விடுவதில்லை, அவரும் சந்தேகப்பட மாட்டார். அந்த வாரம் முழுவதும் என்னுடைய நாற்காலியில் நீ உட்கார்ந்துகொள். நான் வீட்டில் இருக்கிறேன்.

நார்மா