நிரம்பியபடி திரும்பிய தட்டு

கிளாத்தென், ஜாவா

என் உயிருக்கு,

நர்ஸ் இதை உங்கள் காதருகே படிப்பார். கண் திறக்க வேண்டாம், கேட்டால் போதும்.

நேற்று மக்ரிப் தொழுகைக்குப் பிறகு உங்கள் நுரையீரலுக்காக அக்கம்பக்கத்தார் நம் வீட்டில் கூடி துஆ ஓதினார்கள். பாயில் தேநீரும் அவித்த கடலையும் வைத்தேன். வழக்கம்போல் கிராம்பு சிகரெட்டையும் தட்டில் அடுக்கி வைத்தேன். வைக்காவிட்டால் வந்தவர்களுக்கு மரியாதை இல்லையே. என்ன செய்கிறேன் என்று அப்போது உறைக்கவில்லை.

ஒரு கைகூட நீளவில்லை. ஒன்று அணையுமுன் அடுத்ததைப் பற்றவைக்கும் உங்கள் கூட்டாளி பார்ஜோதான் தட்டைத் தள்ளினார்.

“உள்ள கொண்டு போ தங்கச்சி. அவன் அங்க மூச்சுக்கு மல்லுக்கட்டுறான், நாங்க இங்க ஊதிக்கிட்டு உக்காந்திருக்கவா?”

“பார்ஜோவே வேணாங்கிறானா? மழை கொட்டப் போகுது,” என்றார் பக்கத்து வீட்டு சுகிமான். யாரும் சிரிக்கவில்லை.

நம் கூடத்தில் முதல்முறையாகப் புகையில்லாமல் எல்லார் முகமும் தெரிந்தது. ஓதி முடித்து அமைதியானபோது அத்தனை பேரின் மூச்சும் எனக்குக் கேட்டது. மேனி சிலிர்த்துவிட்டது. இத்தனை காலமும் அந்தச் சத்தம் அங்கேதான் இருந்திருக்கிறது.

உங்கள் மூச்சு மட்டும் இயந்திரத்திடம் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கண்ணாடிக்கு வெளியே நிற்பவள்