பட்டு நூலில் கட்டிய தொப்புள்கொடி

ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. மல்லிகைப்பூ வாசனையில் புருஷனை நினைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. எனக்கு வாய்த்தது இது. ரத்த அழுத்தம் பார்க்க சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு மாசமான பெண். நர்ஸ் அவள் கையைத் துடைத்து ஊசி போட, பக்கத்தில் நின்ற அவள் புருஷன் தனக்கே குத்தியதுபோல முகத்தைச் சுளித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உங்களைத் திட்டினேன். போய்ச் சேர்ந்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். இருந்தபோது திட்ட விட்டீர்களா?

எழுபதுகளின் ஆரம்பம். முதல் பிள்ளை என் வயிற்றில். தறியில் கோர்வைப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒற்றை ஆளால் நெய்ய முடியாது. தறிக்குழியில் நீங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவை வீச நான். நகராட்சி நர்ஸம்மா குடையும் பையுமாக வாசலில் வந்து நின்றார்.

"தடுப்பூசிம்மா. தாய்க்கும் புள்ளைக்கும் ஜன்னி வராம இருக்க. கைய நீட்டு."

நான் நீட்டினேன். நீங்கள் தறியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டீர்கள்.

"போட்டா கை வீங்குமா?"

"கொஞ்சம் வீங்கும், வலிக்கும். அப்புறம் சரியாப் பூடும்."

"அதுவரிக்கும் முகூர்த்தப் பொடவைக்கு நீ வந்து நாடா வீசுவியா? போயிட்டு அப்புறமா வா நர்ஸம்மா."

அவர் மறுபடியும் வந்தார். மறுபடியும் துரத்தினீர்கள்.

பிரசவ வலி எடுத்தபோது நர்ஸம்மாவுக்கு ஆள் அனுப்பச் சொல்லிக் கத்தினேன். தெருவில் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சியே போதும் என்றீர்கள். ஆண் பிள்ளை என்றதும் உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. உங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். தலைச்சன் ஆணாகப் பிறந்தால் தொப்புள்கொடியைத் தறிக் கத்தியால் அறுத்து, தறியில் ஓடுகிற பட்டாலேயே கட்ட வேண்டும். "பட்டுல கட்னா பட்டாட்டம் வளருவான்" என்று சொல்லிக்கொண்டே, தறிக்குழி மண்ணில் கிடந்த கத்தியை எடுத்து வேட்டியில் துடைத்து அவளிடம் கொடுத்தீர்கள். அரக்குச் சிவப்புப் பட்டு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தவன் அடுத்த வாரம் ஒரு காலையில் வாயைத் திறக்கவில்லை. முகம் இறுகி, முதுகு பின்பக்கமாக வளைந்தது. அழக்கூட அவனுக்கு வாய் திறக்கவில்லை.

அன்றைக்குப் பார்த்துப் பெருமாளுக்குக் கருடசேவை. குதிரை வண்டி தெருமுனையைத் தாண்டவில்லை. இறங்கிப் பிள்ளையோடு ஓடினேன். "சாமி வந்துக்கினு இருக்குது, ஒதுங்கும்மா" என்று யாரோ என்னைச் சுவரோடு தள்ளினார்கள். ஊரே கும்பிட்டது. நான் கும்பிடவில்லை. கை காலியாக இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார்: "இதுக்கு இங்க ஆளும் இல்ல, வசதியும் இல்ல. செங்கல்பட்டுக்குக் கொண்டுபோங்க." பஸ் குலுங்கும்போதெல்லாம் பிள்ளை விறைத்தான். ஹாரன் சத்தத்துக்கும் விறைத்தான்.

செங்கல்பட்டு டாக்டர் சின்ன வயசு. தொப்புளில் பட்டு நூலைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"மாசமா இருந்தப்போ தடுப்பூசி போட்டுக்கிட்டியாம்மா?"

நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் பதில் சொன்னீர்கள். "எந்த நர்ஸும் எங்க வூட்டுப் பக்கமே வர்லீங்க சார்."

"வந்தாங்க சார். இவருதான் தொரத்தி உட்டாரு" என்றேன்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு, வெளிச்சமும் சத்தமும் படாத இருட்டறைக்கு ஓடினார். மனிதர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தெரிந்தால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று, தூங்குகிற பிள்ளையைப்போல முந்தானையில் மூடி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். வாலாஜாபாத் தாண்டியதும் நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

"டாக்டர் எதிர்ல என் மானத்த வாங்கிட்டியேமே."

தீட்டுக் கழிந்ததும் தறியில் உட்கார வைத்தீர்கள். பால் கட்டி என் மார்பு கல்லாகக் கிடந்தது. கை வீங்கக் கூடாது என்றவர், மார்பு வீங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு யாரோ ஒரு பெண் மணையில் உட்கார்ந்திருப்பாள். நன்றாக இருக்கட்டும்.

பிறகு பிறந்த இரண்டு பெண்களும் வயிற்றில் இருந்தபோது, உங்களைக் கேட்காமல் நானே போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். நீங்களோ அதற்குப் பிறகு ஊசிப் பைத்தியம் ஆகிவிட்டீர்கள். ஆணி கீறினால் ஊசி, நாய் குரைத்தால் ஊசி. மாதம் தவறாமல் சர்க்கரை பார்த்தீர்கள், அழுத்தம் பார்த்தீர்கள். உங்கள் உடம்பை நீங்கள் காத்ததுபோல கோயில் நகையைக்கூட யாரும் காத்திருக்க மாட்டார்கள். கிழவராகி, தூக்கத்திலேயே போனீர்கள். "நோய்நொடி இல்லாம பூட்டாரு, குடுத்து வச்சவரு" என்றது தெரு. யார் கொடுத்து வைத்தது?

போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டீர்கள்.

"பெரியவனுக்கு இன்னா பேரு வைக்கணும்னு நெனச்சிக்கினு இருந்தே?"

பெயர் வைப்பதற்குள் போனவன் அவன். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவனைப் பெரியவன் என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"மறந்துபோச்சு" என்றேன்.

மறக்கவில்லை. இன்றைக்கும் படுக்கையை விட்டு எழும்போது அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் எழுகிறேன். அவனுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதை உங்களுக்குத் தர மாட்டேன்.